கசப்பக்கா கலந்த இனிப்பு

கசப்பக்காவுக்கு அவள் அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. தெருவில் யாராவது இருமிக்கொண்டு போனால் போதும், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, நில்லு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ என்று மறித்துவிடுவாள். குடித்தவன் முகத்தைக் கோணிக்கொண்டு போவான். இருமல் நின்றதா இல்லையா என்று திரும்பி வந்து சொன்னவன் கிடையாது. அடுத்த தடவை இருமல் வந்தால் பின்தெரு வழியாகச் சுற்றிப் போவான், அவ்வளவுதான். அப்படி வந்த பேர் கசப்பக்கா. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. மருந்தென்றால் கசக்க வேண்டும், கசக்காவிட்டால் மருந்தே இல்லை என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு அவளேதான் தலைவி, தொண்டரும் அவளேதான்.

கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு வருஷத்திலேயே பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டுக் குடைந்த அம்மாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு தம்பி. பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலமில்லாத பிள்ளை. மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்றி ஊற்றியே அவனை ஆளாக்கினாள். ஊரார் துணியை இஸ்திரி போட்டு அவனைச் சாவி செய்கிற தொழிலுக்குப் பழக வைத்தாள். இப்போது தெருமுனையில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு அவனுக்குக் கடை இருக்கிறது. அரத்தால் சாவி ராவுகிற வேலை. நாள் முழுக்கப் பித்தளைத் தூள் பறக்கும். அது நெஞ்சில் இறங்கி இருமலாக வெளியே வரும். ஆக, அக்காவின் சட்டிக்கு அடுப்பிலிருந்து இறங்கவே நேரம் இல்லை.

தம்பிக்குக் கல்யாணமான புதிதில் எல்லாருக்கும் ஒரே அடுப்படிதான். வந்த பெண்டாட்டி துணிக்கடையில் பில் போடுகிறவள், காலையில் அவசரமாகக் கிளம்புகிறவள். ஒருநாள் கைக்குக் கிடைத்த சட்டியில் காபிக்குப் பால் காய்ச்சிவிட்டாள். அது அக்காவின் கஷாயச் சட்டி. எத்தனை தேய்த்தாலும் அதன் உடம்பிலிருந்து கசப்பு போகாது. ஒரு வாய் குடித்தாள், துப்பினாள், சட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தாள். அது உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. அக்கா போய் எடுத்து வந்தாள். சட்டியில் ஒரு ஒடுக்கு விழுந்திருந்தது. அன்றைக்கே தன் சாமானை எல்லாம் மாடியறைக்கு ஏற்றிக்கொண்டாள். அந்த ஒடுக்கைத் தட்டி எடுக்க அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. சாட்சி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து மேலே ஒரு அடுப்பு, கீழே ஒரு அடுப்பு. நடுவில் ஒரு இரும்புப் படிக்கட்டு. தம்பி பெண்டாட்டி இவளை அக்கா என்றும் கூப்பிடவில்லை, அண்ணி என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் படிக்கட்டைப் பார்த்துச் சொல்வாள். படிக்கட்டுக்குக் காது இருந்திருந்தால் அது என்றைக்கோ கழன்று விழுந்திருக்கும்.

பெண்டாட்டியும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் பிறந்த வீட்டிலும் கஷாயம் வைப்பார்கள். துளசி, இஞ்சி, கொஞ்சம் தேன் என்று அவளுக்கு ஒரு கணக்கு. என் புருஷன் இருமலுக்கு நான் வைக்கிறேன், எவளும் மெனக்கெட வேண்டாம் என்று ஒரு பிளாஸ்க் வாங்கினாள். மறுநாளே அக்காவும் ஒரு பிளாஸ்க் வாங்கினாள். காலையில் தம்பி இரண்டு தோளிலும் இரண்டு பிளாஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்குப் போவான். சாவி செய்ய வருகிறவர்கள், எந்தப் பக்கம் பெண்டாட்டி, எந்தப் பக்கம் அக்கா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சுபாவம் அப்படி. யாராவது அடித்தால்கூட, கை வலிக்கப் போகிறது என்று சொல்கிற ரகம்.

அக்காவின் கஷாயத்துக்கு ஆடாதோடை இலைதான் தாய். நடு நரம்பைக் கிழித்தெடுத்து, இலையைக் கையால் பிய்த்துப் போட வேண்டும், கத்தி படக்கூடாது. மிளகைத் தட்டிப் போட வேண்டும். பொடித்தால் தொண்டையில் ஒட்டும். சுக்கு ஒரு துண்டு. சின்னத் தீயில் பாதியாகச் சுண்டும்வரை பக்கத்திலேயே நிற்பாள். கடைசியில் நாலாக மடித்த வெள்ளைத் துணியில் வடிப்பாள். ஒரு தூசி, ஒரு திப்பி பிளாஸ்க்குக்குள் போகாது. கீழே இருக்கிறவள் டீ வடிகட்டியில் வடிக்கிறாள், பாதி திப்பி உள்ளேதான் போகிறது என்பது இவள் வாய் ஓயாமல் சொல்கிற குறை.

அந்தக் குறையைவிடப் பெரிய குறை தேன். ஒருநாள் படிக்கட்டில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"மருந்து வைக்கத் தெரியாதவ சர்பத்து போடுறா. இனிப்பு போட்ட மருந்து நாக்குக்குக் குடுக்கிற லஞ்சம்."

கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நிமிராமல் பதில் சொன்னாள்.

"என் புருஷனுக்கு நான் லஞ்சம் குடுப்பேன், என்ன வேணா குடுப்பேன். வாங்கிக்க ஆள் இல்லாதவங்களுக்கு எரியத்தான் செய்யும்."

அக்கா உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அன்று யாரோ ஒருத்தருடைய நல்ல சட்டையின் காலர் கருகிப்போனது.

சாயங்காலம் ஆனால் பிளாஸ்க் இரண்டும் பின்கட்டுக் குழாயடிக்கு வரும். அவரவர் பிளாஸ்க்கை அவரவர் கழுவ வேண்டும். ஒருத்தி பிளாஸ்க்கை மற்றவள் கண்ணால் எடை போடுவாள். பெண்டாட்டியின் பிளாஸ்க் காலியாக வரும். அக்காவின் பிளாஸ்க் பாதி அப்படியே வரும். அந்தக் கறுத்த தண்ணீர் சாக்கடையில் ஓடும்போது பெண்டாட்டி வேண்டுமென்றே குழாயை மூடிவிட்டு, அது ஓடுகிற சத்தம் கேட்கும்படி நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

நாட்டு மருந்துக் கடைக்குப் போய், யாரோ கேட்டார்கள் என்று சொல்லி அதிமதுரம் வாங்கினாள். அது ஒரு வேர். பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கும், வாயில் போட்டால் அப்படி இனிக்கும். தொண்டைக்கும் நல்லது. தேன் போல மேலே நின்று காட்டிக்கொடுக்காது, கசப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கடைக்காரர் பொட்டலம் கட்டும்போதே சொன்னார்.

"கொஞ்சமா போடச் சொல்லுங்க. நாலு நாள் குடுத்தா நிறுத்திடணும். பிரஷர் இருக்கிறவங்களுக்கு ஆகவே ஆகாது, காலெல்லாம் வீங்கிடும்."

அவள் தலையை ஆட்டினாள். தம்பிக்கு ஏது பிரஷர் என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் ஒரு சிட்டிகை போட்டாள். அன்று சாயங்காலம் பிளாஸ்க் காலியாக வந்தது. குழாயடியில் அதைக் கவிழ்த்துக் காட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறவள்கூட வாளியை அத்தனை நிதானமாகக் கவிழ்க்க மாட்டாள். பெண்டாட்டி முகம் கறுத்துப்போனது.

நாலு நாளில் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவாள்? நிறுத்தினால் மறுபடி பாதி பிளாஸ்க் சாக்கடைக்குப் போகும். சிட்டிகை போய் அரைப்பிடி ஆனது, அது போய்ப் பிடியானது. தான் இத்தனை வருஷம் வாய்கிழியப் பேசிய பேச்சை அவள் மறக்கவில்லை. வேரைத் தட்டும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். சக்கையை ஈரம் காயவைத்து அடுப்பில் போட்டு எரித்துவிடுவாள், குப்பையில்கூட விடமாட்டாள்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருநாள், உங்க வீட்டில் எல்லாருக்குமா தொண்டை கட்டிக்கிச்சு என்று கேட்டார். இவளுக்கு அது உறைக்கவில்லை. கேட்டவரும் மேலே விவரம் சொல்லவில்லை. இன்னொரு வாடிக்கையும் அவரிடம் அதே வேரை வாங்கிப்போய், யாரிடமும் சொல்லாதீங்க என்று சொல்லியிருந்தது.

இருமல் குறைந்ததென்னவோ நிஜம். ஆனால் தம்பிக்கு வேறு ஏதோ ஆக ஆரம்பித்தது. செருப்பு இறுகுகிறது என்றான். மண்டை இடிக்கிறது என்றான். சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்தினால் அந்தக் குழி அப்படியே நிற்கும். அப்புறம் கை. அவன் கைதான் அவன் சொத்து. இடுக்கியில் பிடித்த சாவியை ராவ, அரத்தை அழுத்தத் தெம்பு வரவில்லை. செய்து கொடுத்த சாவிகள் பூட்டில் நுழையாமல் திரும்பி வந்தன. பூட்டை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் கடை வாசலில் நின்று கத்தினாள். ஒருநாள் மத்தியானம் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான், கால் நிற்கவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் பூக்காரரும் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சேதி கேட்டு அக்காவும் பெண்டாட்டியும் ஓடினார்கள். ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம். பெண்டாட்டி முதலில் ஆரம்பித்தாள், எதிரில் இருந்த சுவரைப் பார்த்து.

"எந்த மண்ணைக் கரைச்சு ஊத்தினாங்களோ. என் தாலியில கை வைக்கிற வரைக்கும் நிம்மதி இருக்காது சிலபேருக்கு."

"நான் ஊத்தி வளத்த உடம்பு அது" என்றாள் அக்கா. "நீ வந்தப்புறம்தான் கெட்டுது."

நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். டாக்டரம்மா கூப்பிட்டாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு உப்பு ஒரேயடியாக இறங்கியிருக்கிறது, அதனால்தான் கை கால் ஓய்கிறது, அது இன்னும் இறங்கினால் நெஞ்சுத் துடிப்பே தடுமாறும் என்றாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார் என்று கேட்டாள்.

பிரஷர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அக்காவுக்குப் பொட்டலம் கட்டிய கடைக்காரர் முகம் கண் முன்னால் வந்து நின்றது. பெண்டாட்டி அதற்குள் பதில் சொல்லிவிட்டாள்: துளசி, இஞ்சி, தேன். அக்கா சொன்னாள்: ஆடாதோடை, மிளகு, சுக்கு. சொல்லிவிட்டு நிறுத்தினாள். பக்கத்தில் அவள் நிற்கிறாள். அவள் எதிரில் அந்த வேரின் பேரை எப்படிச் சொல்வது?

இதிலெல்லாம் இப்படி ஆகாதே என்றாள் டாக்டரம்மா. சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் கட்டி ஏதாவது இருந்தால் இப்படி ஆகும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், தேவைப்பட்டால் அறுவைகூடச் செய்ய வேண்டிவரும் என்றாள். தம்பி கட்டிலில் டிரிப்ஸ் ஏறப் படுத்திருந்தான். அக்காவைப் பார்த்து, பயப்படாதேக்கா என்றான். அவனிடம் டாக்டரம்மா கேட்டதற்கு, இரண்டு கஷாயமும் நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தான். அவன் வாயிலிருந்து வேறென்ன வரும்.

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவந்திருக்கிறான், பூட்டிவிட்டு வருகிறேன் என்று அக்கா கிளம்பினாள். நிஜத்தில் அந்த இடத்தைவிட்டு ஓடத்தான் கிளம்பினாள். கடைக்குள் ஸ்டூலுக்குக் கீழே, துணி சுற்றிய ஒரு பெரிய பாட்டில் இருந்தது. இரண்டு பிளாஸ்க்கும் பக்கத்தில் காலியாகக் கிடந்தன. பாட்டிலைத் திறந்து மோந்தாள். அவளுடைய ஆடாதோடை வாடை அடித்தது. கூடவே துளசி வாடையும் அடித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தெரு சிரிக்கிறதென்றும், எதையாவது முதலில் குடித்தால் மற்றவள் கோபிப்பாள் என்றும் அந்த அசடு இரண்டையும் ஒன்றாக ஊற்றி, தண்ணீர் குடிக்கிற மாதிரி நாள் முழுக்கக் குடித்திருக்கிறான்.

மிச்சத்தை உள்ளங்கையில் கவிழ்த்தாள். மஞ்சளாக நார்நாராக ஏதோ வந்து விழுந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். இனித்தது.

அவள் நாலு மடிப்புத் துணியில் வடிக்கிறவள். அந்தத் துணியைத் தாண்டி நார் வராது. அப்படியென்றால் இது டீ வடிகட்டி வழியாக வந்தது.

அந்த நிமிஷம் அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. தம்பி அங்கே படுத்திருக்கிறான் என்பதுகூட அரை நிமிஷம் மறந்துபோனது. நான் இல்லை, அவள். கடையை அரையும் குறையுமாகச் சாத்திவிட்டு, நாரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"அதிமதுரம். இவ போட்டிருக்கா. மறைச்சு மறைச்சுப் போட்டிருக்கா. பொய் சொல்றா உங்ககிட்ட."

டாக்டரம்மா பேனாவை வைத்தாள். பெண்டாட்டியின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் அவள் அசரவில்லை.

"போட்டேன். தொண்டைக்கு நல்லதுன்னு போட்டேன். ஒரு சிட்டிகை. வாசனைக்கு."

"ஒரே ஒரு சிட்டிகையா?" என்று கேட்டாள் டாக்டரம்மா. ஆமாம் என்றாள் பெண்டாட்டி. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். அதிமதுரம் நிறையப் போனால் சரியாக இப்படித்தான் செய்யும், ஆனால் ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு ஆகாது, எதற்கும் நிறுத்திவிடுங்கள், கட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி மறுபடி பேனாவை எடுத்தாள்.

பேனா நகருகிற சத்தம் அக்காவுக்குக் கேட்டது. பக்கத்தில் நிற்கிறவளின் மூச்சும் கேட்டது. கதவுக்கு அப்பால் தம்பி இருமுவது கேட்டது, அந்த இருமல் அவளுக்கு அவன் தொட்டில் நாளிலிருந்து பழக்கம். வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விடலாம். பழி கீழ்வீட்டுக்காரி தலையில்தான் விழும், இவள் கட்சி கடைசிவரை ஜெயிக்கும். அவனைத்தான் எங்கேயோ கொண்டுபோய் அறுப்பார்கள்.

"எழுதாதீங்கம்மா" என்றாள். "நானும் போட்டேன். ஒரு பிடி. தினமும்."

பெண்டாட்டி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நீங்களா? சர்பத்துன்னு தெருவுக்கே சொன்ன நீங்களா?"

"நான்தான். அதுக்கு இப்ப என்ன?"

"நீங்க ஒரு பிடியா? நான் ரெண்டு பிடி போட்டேன். உங்க பிளாஸ்க் காலியா வர ஆரம்பிச்சதிலிருந்து ரெண்டு பிடி."

"என் பிடி பெருசு. இஸ்திரிப் பெட்டி தூக்குற கை இது."

டாக்டரம்மா எழுதின சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அப்புறம் அந்த அம்மாள் பேசியதை எல்லாம் இங்கே சொல்ல முடியாது. படித்தவர்கள் அத்தனை நாகரிகமாகத் திட்டுவார்கள் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரியும். போட்டி போட்டுக்கொண்டு ஒருத்தரைக் கொல்லப் பார்த்தீர்கள் என்றாள். இனிமேல் வெறும் வெந்நீரைத் தவிர எதுவும் அவர் வாயில் போகக்கூடாது, கடையில் முகமூடி போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள், இருமலுக்குப் பாதி காரணம் அந்தத் தூள்தான் என்றாள். குறைந்த உப்புக்கு மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் வீக்கம் வடிந்தது. கைக்குத் தெம்பு வர இன்னும் பல நாள் ஆனது. கட்டி கிட்டி ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே பெண்டாட்டி குழாயடியில் நின்று, ஊரில் ஒருத்தருக்கு வெளியே கசப்பு, உள்ளே எல்லாம் இனிப்பு என்று சொல்லிச் சொல்லித் துணியைத் துவைத்தாள். துணியைவிடப் பேச்சு நன்றாக அடிபட்டது. அக்கா மாடியிலிருந்து, ரெண்டு பிடி போட்ட மகராசி பேசுறா என்று ஒரு வாளித் தண்ணீரைக் கீழே கொட்டினாள். சங்கதி தெருவுக்குப் பரவியது. பின்தெரு வழியாகச் சுற்றிப் போனவர்கள் எல்லாம் தைரியமாக முன்தெரு வழியாகவே வந்து, என்னக்கா, இன்னிக்கு என்ன சர்பத்து என்று கேட்டார்கள். அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் ஓங்கி வைப்பாள்.

பிளாஸ்க் இரண்டும் இப்போதும் போகின்றன. இரண்டிலும் வெந்நீர். மேலே காய்ச்சின வெந்நீர் நன்றாகக் கொதித்ததா, கீழே காய்ச்சினது கொதித்ததா என்று அதிலும் ஒரு சண்டை உண்டு. அவள் அரைகுறையாகச் சூடு காட்டி இறக்குகிறாள் என்பது அக்காவின் புகார்.

ஒருநாள் காலை அக்கா படிக்கட்டில் பாதியில் நின்றாள். தெருமுனையிலிருந்து அரம் ராவுகிற சத்தம் வந்தது. முன்னே போல அழுத்தமாக, விடாமல் வந்தது. கையில் துணி மூட்டையோடு அதைக் கேட்டபடி அப்படியே நின்றுவிட்டாள். கீழே பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பி, மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஏறி வந்தாள். வழியை அடைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள்.

"இனிப்பக்கா, நகருங்க. பஸ் போயிடும்."

வந்த நாளிலிருந்து அக்கா என்ற வார்த்தை அவள் வாயில் வந்தது கிடையாது. இன்று வந்தது, முன்னால் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டுதான் வந்தது. கசப்பக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாயில் நல்ல பதிலாக நாலு இருந்தது. தெருமுனையில் அரம் இன்னும் ராவிக்கொண்டிருந்தது.

மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள். ஒதுங்கும்போது முழங்கையால் அவளை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் ஒதுங்கினாள்.